பீன்ஸ் புரிட்டோ: ஒழுகாமல், பிரியாமல் செய்யும் முறை

புரிட்டோ என்பது டோர்ட்டியா எனும் மெல்லிய மெக்சிகோ மைதா ரொட்டிக்குள் உள்ளீடு வைத்துச் சுருட்டுவது. கடைகளில் நாம் அதிகம் பார்ப்பது சோறும் சீஸும் சவர் கிரீமும் அடைத்து, அலுமினியத் தாளில் சுற்றிய பெரிய புரிட்டோ. அது 1960களில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் வளர்ந்த பாணி. வடக்கு மெக்சிகோவில், குறிப்பாக சியுதாத் ஹுவாரெஸ் பக்கம், புரிட்டோ ஒல்லியாக இருக்கும். உள்ளே ஒன்றிரண்டு பொருள்தான். எனக்குப் பிடித்தது அதுதான். பீன்ஸின் ருசி நாக்கில் தெரியவேண்டும் என்றால் சோறு வேண்டாம்.

சத்துக்கும் சோறு தேவையில்லை. வேகவைத்த பிண்டோ பீன்ஸ் (பழுப்புப் புள்ளிகள் கொண்ட, ராஜ்மா போன்ற உலர்ந்த பயறு) ஒரு கப்பில் சுமார் 15 கிராம் புரதம், கிட்டத்தட்ட அதே அளவு நார்ச்சத்து, நம் அன்றாடத் தேவையில் பாதிக்கு மேல் ஃபோலேட் என்ற பி வைட்டமின். டோர்ட்டியாவின் கோதுமையில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பீன்ஸில் தாராளமாக உண்டு. பீன்ஸில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு புரதக்கூறைக் கோதுமை ஈடுகட்டுகிறது. கூடவே எலுமிச்சை பிழிந்த தக்காளி சல்சாவையும் (மெக்சிகோ சட்னி) தொட்டுச் சாப்பிடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, பீன்ஸின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும்.

சரி, அடுப்புக்கு வருவோம். நாலைந்து புரிட்டோவுக்கு ஒரு கப் பிண்டோ பீன்ஸ், 25 செ.மீ. அகல மைதா டோர்ட்டியா, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, அரை டீஸ்பூன் சீரகத்தூள் போதும்.

1. பீன்ஸை இரவு முழுக்க ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டால் தோல் மெத்தென்று வேகும். காலையில் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயுத் தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

2. குக்கரில் ஐந்தாறு விசில். விரலால் நசுக்கினால் மாவாகவேண்டும். தக்காளி, எலுமிச்சை எதையும் இப்போது சேர்க்காதீர்கள், புளிப்பு பட்டால் பீன்ஸ் வேக மறுக்கும். வெந்த தண்ணீரை எடுத்து வையுங்கள்.

3. புரிட்டோ ஒழுகுவதும் கிழிவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. அகலமான கனத்த வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் காயட்டும். மெக்சிகோவில் பன்றிக் கொழுப்பு வழக்கம், அதன் மணமே தனி. வெங்காயம் நன்றாகப் பொன்னிறமானதும் பூண்டு, சீரகத்தூள், பிறகு வடித்த பீன்ஸ். அடுப்பிலேயே வைத்து மசியுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம், அது பீன்ஸைப் பசையாக்கிவிடும். கீரை கடையும் மர மத்துதான் என் தேர்வு. பாதி மசிந்தும் பாதி முழுசாகவும் நிற்கும். அந்த வெந்த தண்ணீரை ஒரு கரண்டி, அது வற்றியதும் இன்னொரு கரண்டி என்று ஊற்றிக் கிளறுங்கள்.

எப்போது நிறுத்துவது? கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுங்கள். வாணலியின் அடி தெரிந்து, கோடு மெதுவாக மூடினால் பதம் சரி. உடனே மூடினால் இன்னும் வற்றவேண்டும். கோடு மூடாமல் அப்படியே நின்றால் அதிகமாக வற்றிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஆறும்போது அது இன்னும் இறுகும். இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஆவியில் டோர்ட்டியா ஊறிப்போகும்.

4. டோர்ட்டியாவை எண்ணெய் இல்லாத சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்கு இருபது விநாடி வாட்டுங்கள். மைக்ரோவேவை விடக் கல் எவ்வளவோ மேல். வாட்டியதை ஒரு துணிக்குள் மூடி வையுங்கள்.

5. நடுவிலிருந்து சற்றுக் கீழே, அரை கப்புக்கு மேல் போகாமல் பீன்ஸை நீளவாக்கில் வையுங்கள். இரு ஓரமும் மூன்று விரல் இடம் விடுங்கள். ஓரங்களை உள்ளே மடித்து, கீழ்ப்பக்கத்தைப் பீன்ஸ் மேல் போர்த்தி, விரல்களால் உங்கள் பக்கம் இழுத்து இறுக்கி, அப்புறம் உருட்டுங்கள். மடிப்பு கீழே இருக்குமாறு கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: ராஜ்மாவில் செய்யலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் ஒருவர் அதை ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரம்) வேகவைப்பதாக எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படியே போடாதீர்கள். வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் அதிகம். மிதமான சூட்டில் அது அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கருக்குப் போகட்டும். பிரஷர் குக்கரில் முழுக்க வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று: சப்பாத்தியில் சுற்றினால் ஓரம் விரிகிறது என்றார்கள். வழக்கமான சப்பாத்தி இதற்குச் சிறியது. மாவில் கூடுதலாக எண்ணெய் விட்டு, வெந்நீரில் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்துப் பெரிதாகத் தேயுங்கள். கல்லில் மொறுமொறுப்பாகும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைப்பவர்கள் சல்சாவை உள்ளே வைக்கவேண்டாம். முழுக்க ஆறியபின் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுகச் சுற்றி வையுங்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் மூடி போட்ட வாணலியில் சிறுதீயில் திருப்பித் திருப்பிச் சூடாக்கினால் போதும்.