வேலையில் அடிபட்டால் முதல் மருத்துவச் சீட்டிலேயே காரணத்தை எழுதி வாங்குங்கள்

வேலையிடத்தில் அடிபட்டு மருத்துவரிடம் போகும் முதல் நாளிலேயே, விபத்து நடந்த தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, இலேசாக வலிக்கும் இடங்கள் உட்பட வலிக்கும் இடங்கள் அனைத்தையும் சொல்லி, சீட்டில் எழுதச் செய்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "கீழே விழுந்தார், வலது முழங்கால் வீக்கம்" என்று மட்டும் இருந்தால் போதாது. "சாரத்திலிருந்து சறுக்கி விழுந்தார், இடுப்பிலும் வலி" என்று இருக்க வேண்டும்.

இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொட்டே, காயம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்டதா என்பதுதான் அளவுகோல். முழங்கால் காயத்தால் நொண்டி நடந்தே சில மாதங்களில் இடுப்பு கெட்டுப்போகும்போது, அது வயதினால் வந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். தகராறு தொடங்கும் முன்பே எழுதப்பட்ட சீட்டுக்கு, பிறகு வாங்கும் சான்றிதழைவிட மதிப்பு அதிகம். பின்னால் வந்த வலிக்கும் பழைய காயத்துக்கும் உள்ள தொடர்பை, அப்போது பார்க்கும் மருத்துவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

இடையில் வீட்டிலோ சாலையிலோ தனியாக வேறு விபத்து நடந்திருந்தால் இந்தச் சீட்டு மட்டும் போதாது. ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளவர்கள் முதலாளியிடம் அல்லாமல் ஈ.எஸ்.ஐ. வழியாகவே கோர வேண்டும்; ஆனால் அங்கும் இதே சீட்டு தேவைப்படும்.