கைபேசிப் படங்களைக் கூகுள் ஃபோட்டோஸிலும் வன்தட்டிலும் சேமிக்கும் முறை

ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஒரு விண்டோஸ் மடிக்கணினியிலும் ஒரே படத்தொகுப்பு தெரிய வேண்டும். கைபேசி தொலைந்தாலும் படங்கள் தொலையக் கூடாது. இந்தத் தேவைக்காக எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் உள்ள ஏற்பாட்டை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். கணக்கு தொடங்குவதும் செயலியை நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இடமும் கணக்கும்

கூகுள் ஃபோட்டோஸில் வரம்பின்றி இலவசமாகப் படங்களை ஏற்ற முடிந்த காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு ஏற்றப்படும் படங்கள் 15 ஜிபி என்ற இலவச அளவுக்குள் அடங்க வேண்டும். இந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் கூகுள் டிரைவுக்கும் சேர்த்தே தரப்படுவதால், திருமணக் காணொளிகளால் இடம் நிரம்பிவிட்டால் மின்னஞ்சல்கள் வருவதும் நின்றுவிடும். வங்கிக் கடிதங்கள் வரும் முகவரியைப் படங்களுக்குப் பயன்படுத்தாமல், தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கக்கூடும் என்பதால், அந்தக் கணக்கை மறந்துவிடாமல் அவ்வப்போது திறந்து பயன்படுத்த வேண்டும்.

கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைச் செயல்படுத்தும்போது கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் தாளில் அச்சிட்டு வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கைபேசி தொலைந்த நாளில் சரிபார்ப்பு எண்ணும் தொலைந்த கைபேசிக்கே போகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

காப்புப்பிரதியைச் செயல்படுத்துதல்

செயலியின் வலது மேல் மூலையிலுள்ள உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் சென்று, ‘பேக்கப்’ என்பதைச் செயல்படுத்துங்கள். அங்கே தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்ற தேர்வில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குச் சுருங்கும். காணொளிகள் 1080பி அளவுக்குக் குறையும். படங்களைக் கைபேசித் திரையில் மட்டுமே பார்ப்பவர்களுக்கு இது போதுமானது. பெரிய அளவில் அச்சிட்டுச் சட்டமிட நினைப்பவர்கள் மூலத் தரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் சுருங்கி ஏறிய படத்தை, கூகுளின் இணையச் சேமிப்பிடமான மேகச் சேமிப்பகத்திலிருந்து பழைய தரத்தில் திரும்பப் பெற வழியில்லை.

அடுத்து, எந்தெந்தக் கோப்புறைகள் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். கேமரா கோப்புறை தானாகவே ஏறும். வாட்ஸ்அப் படங்களின் கோப்புறையை நான் எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறேன். காலை வணக்கப் படங்களுக்கு இடம் ஒதுக்கிக் கட்டணம் செலுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உறவினர் அனுப்பும் நல்ல படங்களை மட்டும் தனித்தனியாக ஏற்றிக்கொள்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் படங்கள் ஏறாமல் நின்றால், பெரும்பாலும் மின்கலச் சேமிப்பு அமைப்பே காரணமாக இருக்கும். பின்னணியில் இயங்கும் செயலிகளைச் சில கைபேசிகள் கடுமையாக நிறுத்திவிடுகின்றன. கைபேசி அமைப்புகளில் இந்தச் செயலியின் மின்கலப் பயன்பாட்டைக் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றிவிட்டு, வைஃபை இருக்கும் இடத்தில் இரவு முழுவதும் சார்ஜில் விட்டுவிடுங்கள்.

அழித்தல்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

என்னை நீண்ட நாள் குழப்பிய இடம் இதுதான். கைபேசியில் இடம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வருகிறது. படங்கள்தான் மேகத்தில் இருக்கின்றனவே என்ற நம்பிக்கையில், கூகுள் ஃபோட்டோஸ் செயலியைத் திறந்து பழைய படங்களைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிக் குறியைத் தொடுகிறோம். அவ்வாறு தொட்டால் கைபேசியிலுள்ள படமும் மேகத்திலுள்ள படமும் ஒன்றாக நீங்கும்; மடிக்கணினியில் திறந்து பார்த்தால் அங்கேயும் இருக்காது. காப்புப்பிரதி எடுக்கப்பட்ட படங்கள் குப்பைத்தொட்டியில் 60 நாள்கள் இருக்கும். அதன் பிறகு நிரந்தரமாக அழிந்துவிடும்.

கைபேசியில் மட்டும் இடத்தை விடுவிக்க விரும்பினால், அதே செயலியில் உள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற தேர்வைத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஏற்கெனவே மேகத்தில் ஏறிய படங்களின் கைபேசிப் பிரதிகளை மட்டுமே நீக்கும். மாறாக, கைபேசியோடு வந்த வேறொரு கேலரி செயலியில் படத்தை அழித்தால், கூகுளில் ஏறிய பிரதி பொதுவாக அப்படியே இருக்கும். ஒரே படத்தை இரண்டு செயலிகளில் அழிக்கும்போது இரண்டு விதமான விளைவு கிடைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஐபோனில் ஆப்பிளின் மேகச் சேமிப்பான ஐகிளவுட் ஃபோட்டோஸ் செயல்பாட்டில் இருந்தால், ஆப்பிளின் ஃபோட்டோஸ் செயலியில் அழித்த படம் அந்தக் கணக்கின் எல்லாச் சாதனங்களிலிருந்தும் மறையும். அங்கே மீட்பதற்கு 30 நாள்களே அவகாசம்.

முக்கியமான படங்களில் கைவைப்பதற்கு முன், ஒரு காப்பிக் கோப்பையைப் படமெடுத்து, அது மேகத்தில் ஏறியதை மடிக்கணினியில் உறுதி செய்துகொண்டு, பின்பு கைபேசியில் ஒவ்வொரு வழியிலும் அழித்துப் பாருங்கள். எந்தப் பொத்தான் உங்கள் கைபேசியில் என்ன செய்கிறது என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

வன்தட்டில் ஒரு பிரதி

மேற்சொன்ன காரணத்தால், எல்லாச் சாதனங்களிலும் ஒரே தொகுப்பைக் காட்டும் ஒத்திசைவை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஓரிடத்தில் அழிந்தது எல்லா இடத்திலும் அழியக்கூடும். இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு வெளி வன்தட்டு கட்டாயம் தேவை. புதிய படங்களுக்கு எளிய வழி, கைபேசியை யூஎஸ்பி கேபிளால் மடிக்கணினியில் இணைத்து, கோப்புப் பரிமாற்ற முறையைத் தேர்ந்தெடுத்து, கேமரா படங்கள் இருக்கும் ‘டிசிஐஎம்’ கோப்புறையை ஆண்டு, மாதப் பெயரிட்ட கோப்புறைக்குள் நகலெடுப்பது. ‘சிங்திங்’ என்ற கட்டற்ற மென்பொருள் இதைத் தானாகவே செய்யும், ஆனால் கைபேசியில் அழித்தால் அதுவும் கணினியில் அழித்துவிடும் என்பதால், பழைய பதிப்புகளைக் காக்கும் அமைப்பைச் செயல்படுத்தாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம். தொடக்கநிலையாளர்களுக்கு நான் கேபிளையே பரிந்துரைப்பேன்.

ஏற்கெனவே மேகத்தில் மட்டும் இருக்கும் பழைய படங்களுக்கு கூகுளில் உள்ள நம் தரவுகளைத் தரவிறக்கித் தரும் ‘கூகுள் டேக்அவுட்’ பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே எல்லாச் சேவைகளும் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அவற்றை நீக்கிவிட்டு கூகுள் ஃபோட்டோஸை மட்டும் குறியிடுங்கள். கோப்பின் அளவாக 2 ஜிபியை ஏற்றுக்கொண்டால் எண்ணற்ற ஜிப் கோப்புகள் வந்து குவியும். நிலையான இணைய இணைப்பு இருந்தால் 10 ஜிபி வசதியானது. தரவிறக்க இணைப்பு சில நாள்களில் காலாவதியாகும் என்பதால், மின்னஞ்சல் வந்தவுடன் வேலையை முடித்துவிடுங்கள். ஆல்பத்தில் இருக்கும் படம் ஆண்டுக் கோப்புறையிலும் ஆல்பக் கோப்புறையிலுமாக இருமுறை வரும், இது பிழையன்று.

பின்சேர்க்கை

டேக்அவுட்டில் வந்த படங்கள் மடிக்கணினியில் தவறான தேதியில் தெரிகின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த தேதி பதிவாகியிருக்கும். எனவே கோப்புறைக் காட்சியில் ‘மாற்றிய தேதி’யைப் பார்க்காமல் ‘எடுத்த தேதி’யைக் கொண்டு வரிசைப்படுத்தினாலே பெரும்பாலானவை சரியாகிவிடும். வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் அந்தப் பதிவு நீக்கப்பட்டிருக்கும், ஆயினும் ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் நாளும் எட்டு இலக்கங்களாக இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் நீங்களே திருத்திய தேதிகளோ படத்தோடு வரும் ஜேசன் கோப்பில் (படத்தின் விவரங்களைக் கொண்ட சிறிய எழுத்துக் கோப்பு) மட்டுமே இருக்கும். ஆகவே அவை தேவையற்றவை என்று எண்ணி ஜேசன் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். பின்னாளில் ‘எக்ஸிஃப்டூல்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அந்தத் தேதிகளைப் படங்களுக்குள் எழுதிக்கொள்ளலாம்.