கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம்: அவசர முடிவுகளில் நேரும் தவறுகள்

பாக்டீரியாவுக்கு மரபணுக்கள் தாய்ச்செல்லிடமிருந்து மட்டும் வருவதில்லை. செத்துப்போன செல்லின் டிஎன்ஏவை அது உறிஞ்சிக்கொள்ளலாம். வைரஸ் ஒன்று சுமந்து வந்து சேர்க்கலாம். பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டு பிளாஸ்மிடை (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தை) வாங்கிக்கொள்ளலாம். 1928-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவை வைத்துச் செய்த சோதனையில் வெளிப்பட்ட இந்தக் கிடைமட்டப் பரிமாற்றம் இன்று ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. சிக்கல், அதை எங்கே பார்த்தோம் என்று சொல்வதில்தான் வருகிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு இது. ஒரு மரபணு நெருங்கிய உறவினங்களில் இல்லை, தொலைதூர இனம் ஒன்றில் இருக்கிறது. உடனே "வெளியிலிருந்து வந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். முன்னோரிடம் அது இருந்து, நடுவில் உள்ள இனங்கள் எல்லாம் அதை இழந்திருந்தாலும் இதே காட்சிதானே தெரியும்? 2001-ல் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு வந்தபோது, 200-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்து முதுகெலும்பிகளுக்கு நேரடியாக வந்திருக்கலாம் என்று சொல்லப்பட்டது. சில மாதங்களிலேயே அந்த எண் 40-ஐ ஒட்டிச் சுருங்கியது. முதலில் ஒப்பிட்டது ஈ, புழு, ஈஸ்ட் போன்ற சில உயிரினங்களோடு மட்டும். ஒப்பிடும் பட்டியல் நீள நீள, 'அந்நிய' மரபணுக்கள் பல வேறு விலங்குகளிலும் தென்பட்டன. சில இனங்கள் அவற்றை இழந்திருந்தன, அவ்வளவுதான்.

இழப்பைவிடச் சங்கடமான காரணம் ஒன்று உண்டு: மாதிரியில் கலந்துவிட்ட அழுக்கு. 2015-ல் நீர்க்கரடியின் மரபணுக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்தவை என்று ஓர் ஆய்வு அறிவித்தது. அந்த மரபணுக்களில் பெரும்பாலானவை மாதிரியோடு சேர்ந்து வந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ என்று மற்ற குழுக்கள் விரைவிலேயே காட்டின. அதனால் ஐயத்துக்குரிய மரபணுவின் இருபுறமும் அந்த உயிரினத்தின் சொந்த வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ச்சியாக ஒரே இழையில் படித்தெடுத்த ஆதாரம் இல்லாமல் நான் நம்ப மாட்டேன்.

ஒத்த வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் 'பிளாஸ்ட்' கருவியில் முதலில் வரும் பெயரையே நெருங்கிய உறவாக எடுத்துக்கொள்வதும் இதே வகைதான். வேகமாக மாறும் மரபணுவும், இரட்டித்த மரபணுவின் தவறான பிரதியும் அந்தப் பட்டியலைக் கலைத்துவிடும். மரபணுவின் பரம்பரை மரத்தை வரைந்து பார்க்காமல் விடாதீர்கள்.

சரி, ஜிசி விகிதத்தை, அதாவது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி, சி இரண்டின் பங்கை, நம்பலாமா? சுற்றியுள்ள பகுதியிலிருந்து எழுத்துகளின் விகிதம் மாறுபட்டால் அந்நியம் என்பது பழைய, பயனுள்ள வழிதான். 1998-ல் லாரன்ஸ், ஓக்மன் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய அடையாளங்களை வைத்து, குடல் பாக்டீரியாவான ஈ. கோலையின் 4,288 மரபணுக்களில் 755 வெளியிலிருந்து வந்தவை என்று மதிப்பிட்டார்கள். ஆனால் வந்த மரபணு காலப்போக்கில் புதிய வீட்டின் சாயலுக்கு மாறிவிடும். பழைய வரவுகள் இந்த வலையில் சிக்காது. மறுபக்கம், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் புரதங்களுக்கான மரபணுக்கள் சொந்தமானவையாக இருந்தும் கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) பயன்பாட்டில் தனித்துத் தெரியும்.

உறுதியாகச் சொல்லக்கூடிய இடமும் உண்டு. ஆய்வகத்து ஈ. கோலை கே-12-இன் மரபணுத் தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்துகள். நோய் தரும் ஓ157 சகாய் வகையில் சுமார் 55 லட்சம். இரண்டுக்கும் பொதுவானது 41 லட்சம் அளவில்தான். இந்த வேறுபாட்டை முழுக்க வரவு என்று எழுதுவது அவசரம், கே-12 எதையாவது தொலைத்திருக்கலாமே என்று கேட்டாக வேண்டும். ஆனால் சகாய் வகையில் பாக்டீரியாவைத் தாக்கும் 18 ஃபேஜ் வைரஸ்களின் மரபணுத் தொகுதிகளோ எச்சங்களோ குரோமோசோமிலேயே பதிந்து கிடக்கின்றன. ஷிகா நச்சின் மரபணுக்கள் அவற்றில்தான் உள்ளன. தடயம் இவ்வளவு அருகில் இருந்தால் தயங்க வேண்டியதில்லை.

அப்புறம், மருந்து எதிர்ப்பு. எதிர்ப்பு எல்லாமே பிளாஸ்மிடில் பரவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1950-களில் ஜப்பானில் சீதபேதி தரும் ஷிகெல்லா பாக்டீரியாவில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே மூட்டையாகக் கைமாறியது உண்மை. காசநோய்க் கிருமியிலோ, எதிர்ப்பு அதன் சொந்த மரபணுக்களில் நேரும் பிறழ்வுகளால் வருகிறது. எதிர்ப்பு மரபணுக்களை மனிதனின் மருந்துகளே உருவாக்கின என்பதும் சரியல்ல: 30,000 ஆண்டு பழைய உறைமண்ணிலிருந்து அவற்றை 2011-ல் மீட்டெடுத்திருக்கிறார்கள். மருந்துகள் செய்தது, அவற்றைச் சுமப்பவற்றுக்கு வாழ்வு கொடுத்தது. இந்த வேறுபாடு தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசுவது எனக்குக் கவலை தருகிறது.

பாக்டீரியா தனக்கு வேண்டியதைத் 'தேர்ந்தெடுக்கிறது' என்று எழுதாதீர்கள். உள்ளே வரும் டிஎன்ஏவில் பெரும்பகுதி வெட்டு நொதிகளால் சிதைகிறது, அல்லது சுமையாகிச் சில தலைமுறைகளில் மறைகிறது. மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம்.

மரபணுத் தொகுதி பெருகிக்கொண்டே போகும் என்ற எண்ணத்துக்குத் தொழுநோய்க் கிருமியே பதில். அதில் 1,100-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்து கிடக்கின்றன. அசுவினிப் பூச்சியின் உடலுக்குள் வாழும் புக்னெரா பாக்டீரியாவோ 6.4 லட்சம் எழுத்துகளுக்குச் சுருங்கிவிட்டது. செல்லுக்குள் அடைபட்ட வாழ்வில் புதிதாக வாங்குவதற்கு அதற்கு யாரும் பக்கத்தில் இல்லை.