ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன் கையைத் திருப்பிப் பாருங்கள்

போன வாரம் எங்களிடம் பிசியோதெரபி பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் ஒருவன், தோள்வலியோடு வந்த அம்மா நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் கையிலிருந்த ஸ்கேன் கவரை வாங்கிப் பிரித்துவிட்டான். இரண்டு வரி படித்தான். "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா" என்றான். அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போனது. எனக்குக் கோபம் வந்தது. பாதி அவன்மேல், பாதி என்மேல். பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

வார்ம்-அப் செய்யாமல் எடை தூக்காதீர்கள், வலிக்கும் பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தோள்வலியில் நடக்கும் மற்ற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் 'ஜவ்வு' என்பது

தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். எலும்பை எலும்போடு சேர்ப்பது தசைநார். பேச்சில் இரண்டுமே ஜவ்வுதான். நோயாளி அப்படிச் சொன்னால் தப்பில்லை, வைத்தியம் பார்க்கிறவர் சொன்னால் தப்பு. ஏனென்றால் பார்க்க வேண்டிய வைத்தியமே வேறு.

தோளில் பந்து பெரியது, அது உட்காரும் குழி சின்னது, ஆழமும் இல்லை. 4 தசைகளின் நாண்கள் சுற்றிப் பிடித்துத்தான் பந்து குழியில் நிற்கிறது. ரொட்டேட்டர் கஃப் என்பது இந்தக் கூட்டணிதான். அதில் மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ்தான் அதிகம் பழுதாகிறது. பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை, வருடக்கணக்கில் நைகிறது. நைந்த நாணை ஓய்வில் வைத்தால் இன்னும் பலவீனமாகும். அளவாகச் சுமை கொடுத்துத்தான் தேற்ற வேண்டும்.

தோள் தரையில் மோதும்படி விழுந்து, காறை எலும்பின் வெளி நுனியில் வலித்தால் அது பெரும்பாலும் தசைநார்க் காயம். லேசானதென்றால் முதலில் ஒன்றிரண்டு வாரம் ஸ்லிங், அப்புறம் மெல்ல அசைவு. எலும்பின் நுனி மேலே துருத்திக்கொண்டு நின்றால் எலும்பு டாக்டர் பார்க்கட்டும்.

ஸ்கேனுக்கு வைத்தியம் பார்ப்பது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார். வயது 50-ஐத் தாண்டியவர், சர்க்கரை நோய் உண்டு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் சுப்ராஸ்பைனேட்டஸில் பாதிக் கிழிசல் என்று இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ரப்பர் பேண்டைக் கொடுத்து வலுவூட்டும் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாவது வாரம், ராத்திரி தூங்க முடியவில்லை என்றார். "நாணு ஆற நாளாகும் சார், விடாம செய்யுங்க" என்றேன். அவரும் பாவம், விடாமல் செய்தார். இரண்டரை மாதம்.

ஒருநாள் எங்கள் சீனியர் அந்தப் பக்கம் வந்தவர், நோயாளியின் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பினார். நல்ல கை தாராளமாகத் திரும்பியது. வலிக்கிற கை கிளம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. சீனியர் எதுவும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் மூட்டுத் தேய்மானமும் இல்லை. அது ஃப்ரோசன் ஷோல்டர்.

நாண் கிழிந்த தோளில் நோயாளியால் கையைத் தூக்க முடியாமல் இருக்கலாம், ஆனால் நாம் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலும் போகும். ஃப்ரோசன் ஷோல்டரில் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிவிடுகிறது. அவர் தூக்கினாலும் சரி, நாம் தூக்கினாலும் சரி, அதே இடத்தில் முட்டும். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். இவ்வளவும் பாடத்தில் படித்து பாஸானவன்தான் நான். வீக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த உறையை இரண்டரை மாதம் ரப்பர் பேண்டால் இழுத்து உசுப்பிவிட்டிருக்கிறேன். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் அனுப்பியிருந்தால் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் மென்மையான அசைவுகளுமாக அவருடைய ராத்திரிகளையாவது காப்பாற்றியிருக்கலாம்.

அப்படியென்றால் ரிப்போர்ட் பொய்யா? இல்லை. கிழிசல் இருந்தது உண்மை, வலிக்குக் காரணம் அது இல்லை. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 34 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு இது!

கையைத் திருப்பிப் பார்ப்பது பத்து நொடி வேலை. எப்படி ஆரம்பித்தது என்று கேளுங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு தோளையும் பாருங்கள். முதலில் அவரே அசைக்கட்டும், பிறகு நீங்கள் அசையுங்கள், கழுத்தையும் ஒருமுறை சோதியுங்கள். கவர் எங்கேயும் ஓடிப்போகாது. 'கிழிஞ்சிருக்கு' என்ற சொல்லை அவசரப்பட்டு வாயில் விடாதீர்கள். அதைக் கேட்டவர் அன்றிலிருந்து கையைத் தூக்கவே பயப்படுவார்.

விழுந்த அன்றே கை தூக்க முடியாமல் போனதை 'பார்த்துக்கலாம்' என்பது

மேலே சொன்னதற்கெல்லாம் விதிவிலக்கு இது. அடிபட்டதும் கையைத் தூக்கும் சக்தி போய்விட்டதென்றால் நாண் முழுதாக அறுந்திருக்கலாம். தாமதித்தால் தசை உள்ளே இழுத்துக்கொள்ளும், கொழுப்பேறும், தைப்பது கடினமாகும். பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்புங்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுநாள் ஜிம்முக்குப் போவது

வலிதான் போயிருக்கிறது, நாண் தேறவில்லை. அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டால் நாண் இன்னும் பலவீனமாகும்.

வலி குறைந்ததும் பயிற்சியை விடுவது

12 வாரம். அதற்குக் குறைத்து நான் யாருக்கும் சொல்வதில்லை.

இறங்கிய தோளை நாமே இழுத்து ஏற்றுவது

வேண்டாம்.

அசைத்தாலும் மாறாத வலியைத் தோள்வலி என்பது

கையை எப்படித் திருப்பினாலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். இதயவலி இடது தோளுக்கு வரும், பித்தப்பை வலி வலது தோளுக்கு வரும். கூடவே நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

அந்த அம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். கவரை மூடிவைத்துவிட்டு நானே சோதித்தேன். கை எல்லாப் பக்கமும் தடையில்லாமல் போனது, எதிர்த்துத் தள்ளச் சொன்னால் மட்டும் வலித்தது. சுப்ராஸ்பைனேட்டஸ்தான். அதாவது பையன் சொன்னது சரி. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்: அடுத்த கவரையும் அப்படியேதான் பிரிப்பான்.