ஆர்ம்பார் போடும்போது கை ஏன் உருவிக்கொண்டு போகிறது?

பாளையங்கோட்டையில் மாலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆர்ம்பார், அதாவது எதிராளியின் கையைக் கால்களுக்கு நடுவே மாட்டி முழங்கையை நேராக்கி நெம்பும் தரைப்பிடி, சொல்லிக்கொடுத்தால், முதல் வாரம் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். எதிராளியின் கை கிடைத்ததும் மல்லாக்க விழுந்து கயிறு இழுப்பதுபோல இழுக்கிறார்கள். கை உருவிக்கொண்டு போய்விடுகிறது. "அண்ணே, வேர்வையில வழுக்குது" என்பார்கள். நம் ஊர் வெயிலில் வேர்வைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் கை போவது இடைவெளியால்.

கடப்பாரையால் கல்லை நெம்பியவர்களுக்கு இது உடனே புரியும். அடியில் முட்டுக்கொடுத்த கல் சரியான இடத்தில் இல்லையென்றால் எவ்வளவு அழுத்தினாலும் பாறை அசையாது. ஆர்ம்பாரில் முட்டுக்கல் உங்கள் இடுப்பு. அவருடைய மணிக்கட்டு, நீங்கள் பிடித்து அழுத்தும் கடப்பாரை நுனி. உங்கள் பிட்டம் அவர் தோளை ஒட்டியிருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளியிருந்தாலும் முழங்கை நழுவி உங்கள் தொடைகளுக்கு நடுவே இறங்கிவிடும். அப்புறம் பலசாலியாக இருந்தும் பயனில்லை. அதனால் முதலில் தோளை ஒட்டி உட்காருங்கள், கையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், கடைசியில்தான் சாய வேண்டும். இந்த வரிசை மாறினால் மற்ற எதைத் திருத்தியும் பிடி நிற்காது.

அடுத்தது முழங்கால்கள். அவை விரிந்திருந்தால் அவர் தோளைச் சுழற்றித் தப்பிவிடுவார். இரண்டையும் நெருக்கி, குதிகால்களைத் தரையை நோக்கி இழுத்து வையுங்கள். கட்டைவிரலையும் பாருங்கள்: அது மேல்நோக்கி இருக்க வேண்டும், சுண்டுவிரல் பக்கம் உங்கள் மார்பில் பட வேண்டும். கை திரும்பிக் கிடந்தால் முழங்கை மடங்கிக்கொள்ளும்.

ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய ஜூடோவில் இந்தப் பிடிக்கு ஜூஜி-கதாமே என்று பெயர். 'ஜூ' என்ற பத்துக்கான ஜப்பானிய எழுத்து சிலுவை வடிவில் இருக்கும். இரண்டு உடல்களும் அப்படிக் குறுக்காகக் கிடக்க வேண்டும். கீழே மல்லாந்து படுத்து, எதிராளியைக் கால்களுக்கு நடுவே வைத்திருக்கும் 'கார்டு' நிலையிலிருந்து போடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அவருக்கு நேராகவே கிடந்தால், அவர் தன் எடையை மேலே போட்டு உங்களைச் சுருட்டிவிடுவார். இடுப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிய பிறகே காலை அவர் முகத்துக்கு மேல் கொண்டுவாருங்கள்.

நான் கோபப்படும் ஒரே தவறு, வெடுக்கென்று இழுப்பது. ஜூடோ போட்டியில் மூட்டுப்பிடி முழங்கைக்கு மட்டும்தான் அனுமதி. அந்த மூட்டு நேரானபின் மிச்சம் இருப்பது கொஞ்ச தூரம்தான். அதற்கப்பால் ஜவ்வு கிழியும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனை இன்னும் இறுகியிருக்காது, ஆபத்து கூடுதல். சரியாக உட்கார்ந்த பிடிக்கு அவசரமே தேவையில்லை. இடுப்பை மெதுவாக உயர்த்துங்கள், அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டுவதற்கு நேரம் கொடுங்கள். தட்டிய நொடியில் விடுங்கள்.

மாட்டிக்கொண்டவருக்கும் சொல்கிறேன். கை நேராகிவிட்டதென்றால் தட்டிவிடுங்கள். வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கை மாட்டியிருந்தால் காலால் தரையைத் தட்டலாம், வாயாலும் சொல்லலாம். "டக்" என்று சத்தம் கேட்டு முழங்கை வீங்கினால், எண்ணெய் போட்டு நீவ யாரையும் விடாதீர்கள். கையை அசைக்காமல் ஐஸ் ஒத்தடம் கொடுத்து, அன்றைக்கே ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள எலும்பு மருத்துவரிடமோ போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.