கோன்யாக்கைக் குவார்ட்டரால் அளக்கலாமா? பிராந்தியில் நாம் செய்யும் தவறுகள்

என் மாமா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு எக்ஸ்ஓ கோன்யாக் (பிரான்சின் கோன்யாக் பகுதிப் பிராந்தி; எக்ஸ்ஓ என்றால் நெடுநாள் பீப்பாயில் இருந்தது) வாங்கி வந்தார். மகள் கல்யாணத்துக்குத் திறக்கலாம், அதுவரை ஊறட்டும் என்று ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே படுக்கப் போட்டு வைத்தார். பதினெட்டு வருஷம் ஊறியது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மூடியைத் திருகினால் கார்க் புட்டு மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது. பாட்டிலில் கால்வாசியைக் காணோம். மிச்சத்தை டீ வடிகட்டியில் வடித்துத்தான் குடித்தோம்.

பிராந்திக்கு வயது ஏறுவது மரப் பீப்பாயில் இருக்கும்வரைதான். கண்ணாடிக்குள் போன அன்றே அதன் வயது நின்றுவிடும். ஆறு வருஷச் சரக்கை அறுபது வருஷம் அலமாரியில் வைத்தாலும் அது ஆறு வருஷச் சரக்குதான். படுக்க வைப்பது ஒயினுக்கான வழக்கம். கார்க் காயக் கூடாது என்பதற்காகச் செய்வது. நாற்பது சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும் என்பதால் பிராந்தியை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

இதெல்லாம் சில்லறைத் தவறுகள். பெரிய தவறு, பிராந்தி என்பதை ஒரே பானம் என்று நினைப்பது. ‘எரித்த ஒயின்’ என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. (வாலை என்னும் வடிகலத்தில் வடித்ததை நம் சித்த வைத்தியர்களும் ‘தீநீர்’ என்றார்கள். ஓமத் தீநீர் குடிக்காத பிள்ளை உண்டா?) ஐரோப்பியச் சட்டப்படி பிராந்தி என்றால் திராட்சை ஒயினிலிருந்து வடித்ததாக இருக்க வேண்டும். நம் ஊர் குவார்ட்டரில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். அதோடு கொஞ்சம் திராட்சைச் சரக்கு, வாசனை, நிறம். அதிலேயே பழகிய நாக்கோடு முதல்முறை கோன்யாக் குடித்த நண்பர், “என்னப்பா, இதுல ஒண்ணுமே ஏறல” என்றார். பாதி உண்மைதான். நம்முடையது வழக்கமாக 42.8 சதவீதம், அது 40. ஆனால் அவர் தேடியது ஏற்றத்தை. அந்தக் கிளாஸில் இருந்ததோ வாசனை.

இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டமும் உண்டு. கோன்யாக்கைத் தவிர மற்றதெல்லாம் மட்டம் என்பார்கள். இவர்களுக்கு அர்மன்யாக்கை ஊற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டும் பிரான்சின் தென்மேற்குப் பக்கத்துச் சரக்குகள், இரண்டுக்கும் மூலம் வெள்ளைத் திராட்சை ஒயின். கோன்யாக்கைச் செப்புப் பானையில் இரண்டு தடவை வடிப்பார்கள். எழுபது சதவீதத்தை ஒட்டி, சுத்தமாக, மெல்லிசாக வரும். அர்மன்யாக்கைப் பெரும்பாலும் அடுக்கு வாலையில் ஒரே தடவை, ஐம்பத்தைந்து அறுபதுக்குள் வடிக்கிறார்கள். வடிக்கும்போது வீரியம் குறைந்தால் ஒயினின் வாசனையும் கனமும் கூடவே வந்து சேரும்.  அதில் உலர்ந்த பிளம்ஸ், தோல், கொஞ்சம் புகையிலை வாசனை. ஒன்று மல் வேட்டி, இன்னொன்று முரட்டுக் கைத்தறி. கைத்தறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘மல் மாதிரி வழுவழுப்பா இல்லையே’ என்பவரை என்ன செய்வது?

லேபிளைப் படிப்பதிலும் சறுக்குகிறோம். கோன்யாக்கில் விஎஸ் என்றால் கலவையில் இருக்கும் மிக இளைய சரக்குக்கு இரண்டு வயது, விஎஸ்ஓபி என்றால் நான்கு. எக்ஸ்ஓவுக்கு ஆறாக இருந்ததை 2018-ல் பத்தாக உயர்த்தினார்கள். அர்மன்யாக்கிலோ விஎஸ்ஸுக்கு ஒரு வருஷமே போதும். இந்தப் பகுதிகளுக்கு வெளியே அதே எழுத்துகளை அச்சடித்தால் அந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. ‘ஃபைன் ஷாம்பேன்’ என்று போட்டிருந்தால் நுரைக்கும் ஷாம்பேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிராண்ட் ஷாம்பேன், பெடிட் ஷாம்பேன் என்று கோன்யாக் பகுதியிலேயே இரண்டு நிலப்பரப்புகள் உண்டு. அவற்றின் கலவை அது. பாதியாவது கிராண்ட் ஷாம்பேனாக இருக்க வேண்டும்.

ஸ்பெயினின் ஹெரேஸ் பிராந்தியை எடுத்துக்கொண்டு ‘எந்த வருஷத்தது?’ என்று கேட்பதும் வீண். அங்கே சொலேரா முறை. பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி, தரையோடு இருக்கும் வரிசையிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். அந்தக் குறையை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள். எந்தப் பீப்பாயும் முழுசாகக் காலியாவதில்லை. நேற்றைய தயிரில் உறை குத்தி, அதில் இன்னொரு நாள் உறை குத்துகிற வீட்டில் தயிருக்கு என்ன தேதி? ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்கள் என்பதால் திராட்சை வற்றல் வாசனை தூக்கலாக வரும். கோன்யாக் பழகியவருக்கு இது இனிப்பாகத் தெரியும். அது அதன் இயல்பு.

நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்கிறவர்களும் ஏமாறுவார்கள். கோன்யாக்கிலேயே கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. பெருவின் திராட்சைப் பிராந்தியான பிஸ்கோவோ நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். அங்கே மரத்தில் வைக்கவும் கூடாது, வடித்த பிறகு தண்ணீர் கலக்கவும் கூடாது. அதில் மரவாசனை தேடுவது மல்லிகையில் சந்தனம் தேடுகிற கதை. ஐரோப்பியச் சட்டப்படி பிராந்தி ஆகாவிட்டாலும் இதே குடும்பத்தில் சேர்த்துப் பேசப்படுபவையும் உண்டு. இத்தாலியின் கிராப்பா, ஒயின் பிழிந்த பின் மிஞ்சும் தோலிலும் விதையிலும் வடித்தது. கரகரப்பு இருக்கத்தான் செய்யும். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் வடிக்கும் கால்வடோஸ் ஆப்பிளிலிருந்து வருவது. வாசம் பிடிப்பதற்கு முன்பே அது தெரிந்திருப்பது நல்லது.

குடிக்கும் விதத்துக்கு வருவோம். பெரிய வயிற்றுக் கிளாஸில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடேற்றுவது பார்க்க அழகு. ஆனால் சூட்டில் முதலில் எழுவது ஆல்கஹால். மூக்கில் குத்தும், மெல்லிய வாசனைகள் அதற்குள் அமுங்கிப்போகும். வாய் குறுகிய சின்ன டியூலிப் கிளாஸ் போதும். அதையும் எடுத்தவுடன் மூக்கை உள்ளே விடாமல், நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மெதுவாக மேலே கொண்டு வாருங்கள். ஐஸ் நிறையப் போட்டால் நாக்கு மரத்துவிடும். நாலு சொட்டுத் தண்ணீர் விடுவது குற்றமில்லை. நல்ல எக்ஸ்ஓவில் கோலா ஊற்றுகிறவரை நான் தடுக்க மாட்டேன், காசு அவருடையது. கோலாவுக்கு விஎஸ்ஸே தாராளம்.

சளிக்கு இரண்டு மூடி என்கிற வைத்தியம் மட்டும் வேண்டாம். தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தெரியும். அதே வழியாக உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். குழந்தைக்குப் புகட்டுவதும் நெஞ்சில் தேய்ப்பதும் ஆபத்து.

ஒரு சோதனை சொல்கிறேன். குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் மேஜையில் விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் காபிக்கு முன் எடுத்து முகர்ந்து பாருங்கள். மாமா வீட்டில் அன்று கார்க் தூளோடு குடித்த கிளாஸ்களைக் கல்யாணக் களேபரத்தில் யாரும் கழுவவில்லை. விடிகாலையில் தாலிகட்டுக்குக் கிளம்பும்போது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெனிலா, பழைய பெட்டியின் மரவாசம், லேசாக ஆரஞ்சுத் தோல். மாமா வாசலில் நின்று காரை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.