காமெடி கேரக்டருக்கும் வலிக்கும்: தொடர்கள் சறுக்கும் இடங்கள்

நாயகனையும் அவன் கூட்டாளியையும் சேர்த்தே கடத்துகிறார்கள். இருவரும் சேர்ந்தே அடிபட்டு, சேர்ந்தே தப்பிக்கிறார்கள். அடுத்த மூன்று எபிசோடுக்கு நாயகனுக்குத் தூக்கம் கிடையாது. ஜன்னலோரம் நின்று வெறிப்பான், பின்னணியில் வயலின் இழையும். கூட்டாளியோ மறுநாள் காலையே பழையபடி கலாய்த்துக்கொண்டிருப்பான். ஒரே அறையில், ஒரே ஆள் கையால் வாங்கிய அடி! தொடர்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சிரிக்க வைக்க இருக்கிற ஒரே ஆளையும் அழவிட்டால் கதை கனத்துப்போகும் என்ற பயம் எழுத்தாளருக்கு.

இதைவிட மோசமானது, அறிகுறியையே காமெடியாக்குவது. திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, கெட்ட கனவு, குறிப்பிட்ட இடத்துக்கே போகாமல் தவிர்ப்பது எல்லாம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறின் அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1980லேயே அதற்குத் தனிப் பெயர் வந்துவிட்டது. நாயகனிடம் இவை வந்தால் சோகம். கூட்டாளியிடம் வந்தால் கைதட்டல்.

ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். கதவு படாரென்று சாத்துகிறது. நம் ஆள் மேஜைக்கு அடியில் பாய்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், கட். அவன் பாய்வதில் தப்பில்லை. அவசரப்பட்டு வெட்டுவதில்தான் தப்பு. கேமரா அங்கேயே இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். அவன் வெளியே வர வேண்டியதைவிடச் சற்றுத் தாமதமாக வருகிறான். வந்ததும் ஒரு ஜோக் அடிக்கிறான், நல்ல ஜோக்தான். ஆனால் கை மட்டும் மேஜை விளிம்பை விடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அந்தக் கையைப் பார்த்துவிடுகிறாள். வசனமோ வயலினோ தேவையே இல்லை.

பல தொடர்கள் இதற்குப் பதிலாக ஒரு ‘சீரியஸ் எபிசோட்’ ஒதுக்கிவிடுகின்றன. அந்த வாரம் காமெடியன் மழையில் நின்று நீளமாகப் பேசி அழுவான், யாராவது கட்டிப்பிடிப்பார்கள், அடுத்த வாரம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். கணக்கு தீர்ந்தது! ‘டெட் லாஸோ’ என்ற அமெரிக்கக் காமெடித் தொடர், காமெடியனின் வலியை அப்படி ஒரே வாரத்தில் தீர்க்காமல் பொறுமையாகக் காட்டியது. 2020இல் வந்த முதல் சீசனில், எப்போதும் ஜோக்கடிக்கும் கால்பந்துப் பயிற்சியாளரான நாயகன் டெட்டுக்குக் கரோக்கி பாரில் திடீரென மூச்சுத் திணறி, பீதி பிடிக்கிறது. அவருக்கு 16 வயதில் அப்பா தற்கொலை செய்துகொண்டார் என்பது அடுத்த சீசனில்தான் நமக்குத் தெரிகிறது. இடையில் அவர் ஜோக்குகளை நிறுத்தவே இல்லை. மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தபோதும் ஜோக்கைச் சொல்லித்தான் நழுவப் பார்க்கிறார். அவை என்னவோ அதே ரக ஜோக்குகள்தான். நம் காதில்தான் வேறு மாதிரி விழத் தொடங்குகின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ‘அவன் ஏன் எப்போதும் சிரிக்கிறான் தெரியுமா? உள்ளே அவ்வளவு காயம்’ என்று ஒரு பிளாஷ்பேக்கில் மொத்த ஆளையும் விளக்கிவிடுவது. எனக்கு இது எரிச்சலாகவே இருக்கும். அடிபடுவதற்கு முன்பே வாய்த்துடுக்கோடு இருந்தவர்கள் எத்தனை பேர்! நகைச்சுவை ஒரு திறமை. அதை நோயின் அறிகுறியாக மட்டும் சுருக்கினால், அந்த ஆளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

‘மாஷ்’ தொடரில் கொரியப் போர் முகாமின் டாக்டர் ஹாக்ஐ 11 சீசன்களாக எல்லோரையும் கிண்டலடித்தவர். 1983இல் வந்த இறுதி எபிசோடில் அவரை மனநல மருத்துவமனையில் பார்க்கிறோம். ஒரு பேருந்துப் பயணத்தை நினைவுகூர்கிறார். எதிரிகள் காதில் விழாதிருக்க, ஒரு பெண் தன் கோழியின் மூச்சை நிறுத்தியதாகச் சொல்கிறார். மருத்துவர் விடாமல் கேட்கக் கேட்கத்தான் அது கோழியல்ல, அவளுடைய கைக்குழந்தை என்பது வெளியே வருகிறது. சத்தத்தை அடக்கு என்று அவளை அதட்டியவரும் ஹாக்ஐதான். அவர் முன்பு அடித்த ஜோக்குகளில் எதையும் இந்தக் காட்சி பொய்யாக்கவில்லை. அந்த மனிதர் அங்கே வந்து சேர்ந்ததும் நம்பும்படியே இருக்கிறது.

இன்னொன்று, நாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக மட்டுமே காமெடியனைக் காயப்படுத்துவது. அடிபட்டவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, கேமரா பழிவாங்கப் போகிறவன் பின்னாலேயே ஓடிவிடும். அடிபட்டவன் வீடு திரும்பிய பிறகு எப்படி இருக்கிறான் என்று ஒரு காட்சியாவது எழுதத் தோன்றவில்லையென்றால், அந்த அடியே கதைக்கு வேண்டாம்.